வரைகதைக் கலையும் ஓவிய வரலாறும்: காட்சி ஒப்புமைகள்

வரைகதைக் கலைக்கும் ஓவிய, சிற்ப வரலாற்றுக்கும் இடையே பல காட்சி ஒப்புமைகள் காணப்படுகின்றன. கதையைக் காட்சிகளாகப் பிரிக்கும் முறை, பேச்சை எழுத்தாகப் படத்துக்குள் வைக்கும் முறை, உடல்நிலைகள், கோடு, அசைவைக் காட்டும் உத்தி ஆகியவற்றில் இவ்வொப்புமைகளைத் தெளிவாகக் காணலாம். இவற்றுள் சில நேரடித் தாக்கத்தால் வந்தவை. சில பழைய ஓவியத்தை வேண்டுமென்றே நினைவூட்டுபவை. சில ஒரே சிக்கலுக்கு இரு துறையினரும் தனித்தனியே கண்ட ஒரே தீர்வுகள். 1960களில் இப்போக்கு எதிர்த்திசையிலும் நிகழ்ந்தது. வரைகதைக் கட்டங்களைப் பெரிய ஓவியங்களாக மாற்றியவர்கள் அருங்காட்சியகங்களில் இடம்பெற்றனர். அக்கட்டங்களை முதலில் வரைந்தவர்களின் பெயர் நெடுங்காலம் பேசப்படவில்லை. ஆகவே, இரண்டு படங்கள் எவ்வாறு ஒத்திருக்கின்றன என்ற கேள்வியோடு, யாருடைய உழைப்பு கலையாக மதிக்கப்படுகிறது என்ற கேள்வியும் இதில் அடங்கியுள்ளது.

தொடர் காட்சிகள்

ஒரு நிகழ்வைப் பல காட்சிகளாகப் பிரித்து வரிசையாக வைத்துக் கதை சொல்லும் முறை மிகப் பழமையானது. ரோம் நகரில் கி.பி. 113இல் திறக்கப்பட்ட திராயான் தூணில், தாசியப் போர்களின் நிகழ்வுகள் தூணைச் சுற்றி மேலேறும் ஒரே பட்டையில் புடைப்புச் சிற்பங்களாகச் செதுக்கப்பட்டுள்ளன. பேரரசர் திராயான் அப்பட்டையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட முறை தோன்றுகிறார். கதையின் நாயகன் ஒவ்வொரு கட்டத்திலும் மீண்டும் வரையப்படுவதை இன்றைய வரைகதை வாசகர் இயல்பாக ஏற்றுக்கொள்கிறார். திராயான் தூணும் அதே ஏற்பை நம்பியே அமைந்துள்ளது.

11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாயோ திரைச்சீலை மற்றொரு எடுத்துக்காட்டு. சுமார் 70 மீட்டர் நீளமும் அரை மீட்டர் உயரமும் உடைய இத்துணியில், 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய வரலாறு கம்பளி நூலால் தைக்கப்பட்டுள்ளது. காட்சிகளுக்கு மேலே இலத்தீனில் சிறு விளக்கங்கள் உள்ளன. பல இடங்களில் ஒரு காட்சி முடிந்து அடுத்தது தொடங்குவதை ஒரு மரமோ கட்டடமோ உணர்த்துகிறது. வரைகதையில் இரண்டு கட்டங்களுக்கு நடுவே விடப்படும் வெற்றிடம் செய்யும் வேலையை இங்கு மரம் செய்கிறது. இத்திரைச்சீலையை முன்மாதிரியாகக் கொண்டே வரைகதையாளர் ஜோ சாக்கோ தம் 'த கிரேட் வார்' நூலை 2013இல் உருவாக்கினார். 1916 ஜூலை 1 அன்று நடந்த சோம் போரின் முதல் நாளைச் சொல்லும் அந்நூல், மடிப்பு மடிப்பாக விரியும் 24 அடி நீளமான ஒரே படமாகும். அதில் உரையாடல் எதுவும் இல்லை.

காட்சிகளைப் பிரிக்காமல் ஒரே இடத்தில் பல நேரங்களைக் காட்டும் முறையும் உண்டு. புளோரன்சு நகரின் பிரான்காச்சி சிற்றாலயத்தில் மசாச்சியோ 1420களில் தீட்டிய 'வரிப்பணம்' என்னும் சுவரோவியத்தில் புனித பேதுரு மூன்று முறை தோன்றுகிறார். நடுவில் இயேசுவின் ஆணையைக் கேட்கிறார்; இடப்புறம் மீனின் வாயிலிருந்து நாணயத்தை எடுக்கிறார்; வலப்புறம் அதனை வரி வசூலிப்பவரிடம் கொடுக்கிறார். பின்னணி ஒன்றே, நேரம் மட்டும் மாறுகிறது. இத்தாலிய வரைகதையாளர் ஜான்னி தெ லூகா 1970களில் சேக்சுபியரின் ஆம்லெட் நாடகத்தை வரைந்தபோது இதே உத்தியைக் கையாண்டார். கட்டக் கோடுகளை நீக்கிவிட்டு, பக்கம் முழுவதையும் ஒரே அரங்காக வரைந்து, ஒரே பாத்திரம் அதனூடே நடந்துசெல்வதைப் பலமுறை வரைந்து காட்டினார்.

பேச்சு எழுத்தாதல்

பேச்சுக் குமிழி வரைகதையின் தனி அடையாளமாகக் கருதப்படுகிறது. ஆனால் பேசுபவரின் வாயிலிருந்து சொற்கள் வெளிவருவதாகக் காட்டும் வழக்கம் இடைக்கால ஐரோப்பிய ஓவியங்களில் பரவலாக இருந்தது. சிமோனே மார்த்தினியும் லிப்போ மெம்மியும் 1333இல் தீட்டிய 'மங்கள வார்த்தை' ஓவியத்தில், வானதூதரின் வாயிலிருந்து மரியாளை நோக்கிப் பொன்னெழுத்துகள் நேர்கோடாகச் செல்கின்றன.

சுமார் நூறு ஆண்டுகளுக்குப் பிறகு யான் வான் ஐக் தீட்டிய இதே பொருளுடைய ஓவியம் இன்று வாஷிங்டன் தேசிய ஓவியக் கூடத்தில் உள்ளது. அதில் தூதரின் சொற்கள் வழக்கம்போல் எழுதப்பட்டிருக்க, மரியாளின் மறுமொழி மட்டும் தலைகீழாக எழுதப்பட்டுள்ளது. அம்மறுமொழி மேலிருந்து பார்க்கும் கடவுளுக்கு உரியது என்பதே இதற்குத் தரப்படும் விளக்கம். எழுத்தின் பொருளைப் போலவே அதன் வடிவமும் கிடப்பும் யார் யாரிடம் பேசுகிறார் என்பதைச் சொல்லும் என்ற புரிதல் இதில் உள்ளது. கோபத்துக்குக் கூர்முனைக் குமிழி, எண்ணத்துக்கு மேக வடிவக் குமிழி, கிசுகிசுப்புக்குப் புள்ளிக்கோட்டுக் குமிழி எனப் பிற்காலத்தில் உருவான வழக்கங்களும் இதே புரிதலின் விளைவுகளே.

எனினும் இரண்டுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. இடைக்கால ஓவியத்தில் எழுதப்பட்டவை பெரும்பாலும் பார்ப்போர் ஏற்கெனவே அறிந்த மறைநூல் வாக்கியங்கள். வரைகதையில் குமிழிக்குள் இருப்பதைப் படிக்காமல் அடுத்த கட்டத்துக்குப் போக இயலாது. அமெரிக்க நாளிதழ்களில் ரிச்சர்ட் அவுட்கால்ட் வரைந்த 'மஞ்சள் பையன்' தொடரில் முதலில் பையனின் பேச்சு அவன் அணிந்திருந்த நீண்ட சட்டையின் மேல் எழுதப்பட்டது. 1896இல் அதே தொடரில் பேச்சுக் குமிழிகள் இடம்பெற்றன. அதன்பின் குமிழியே நாளிதழ்ப் படக்கதைகளில் நிலைத்தது.

அச்சு ஓவியத்திலிருந்து வரைகதைக்கு

ஓவிய மரபையும் வரைகதையையும் நேரடியாக இணைக்கும் கண்ணியாக 18ஆம் நூற்றாண்டு அச்சு ஓவியங்கள் விளங்குகின்றன. ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோகார்த், ஒரு நாட்டுப்புறப் பெண் லண்டனில் சீரழிவதை 1732இல் ஆறு செப்புத்தகட்டு அச்சுகளாக வெளியிட்டார். அவை பெரும் வரவேற்பைப் பெற்றன. உடனே பிறர் அவற்றைப் பார்த்துச் செதுக்கி மலிவு விலையில் விற்றனர். ஹோகார்த்துக்கு அதில் எதுவும் கிடைக்கவில்லை. அவரும் பிற செதுக்குநர்களும் நாடாளுமன்றத்தில் முறையிட்டதன் பயனாக 1735இல் செதுக்குநர் பதிப்புரிமைச் சட்டம் நிறைவேறியது. எட்டு அச்சுகள் கொண்ட தம் அடுத்த தொடரை, அச்சட்டம் நடைமுறைக்கு வரும் நாள்வரை வெளியிடாமல் காத்திருந்து அவர் விற்றார். படம் வரைந்தவருக்கு அதன் நகலின் மீதும் உரிமை உண்டு என்பதை ஆங்கிலச் சட்டம் ஏற்றது இவ்வாறே.

ஜெனீவாவைச் சேர்ந்த ரொடால்ப் டோப்ஃபர் நவீன வரைகதையின் முன்னோடியாகக் கருதப்படுகிறார். ஓவியரின் மகனான இவர், கண் குறைபாட்டால் ஓவியத் தொழிலைக் கைவிட்டுப் பள்ளி நடத்தினார். மாணவர்களை மகிழ்விக்க வரைந்த நகைச்சுவைப் படக்கதைகளை 1830களில் அச்சிட்டார். ஹோகார்த்தின் அச்சு ஒவ்வொன்றும் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டிய நிறைவான காட்சி. டோப்ஃபரின் கட்டங்களோ விரைவான கோடுகளால் ஆனவை. ஒன்றிலிருந்து அடுத்ததற்குக் கண் தாவுவதில்தான் அவற்றின் நகைச்சுவை உள்ளது. செர்மானியக் கவிஞர் கேத்தே இவற்றைப் பாராட்டினார்.

உடல்நிலை: பியத்தா

மேற்கத்திய வரைகதையில் அதிகமாக மீண்டும் வரையப்பட்ட சிற்ப வடிவங்களுள் ஒன்று மைக்கலாஞ்சலோவின் 'பியத்தா' ஆகும். 1498-1499 காலத்தில் செதுக்கப்பட்டு வத்திக்கானில் உள்ள இச்சிற்பத்தில், இறந்த மகன் தாயின் மடியில் கிடக்கிறார். வளர்ந்த ஆணின் உடலைத் தாங்க வேண்டியிருப்பதால் மரியாளின் உருவம் இயல்பான அளவை விடப் பெரிதாக அமைக்கப்பட்டு, அந்த வேறுபாடு ஆடை மடிப்புகளால் மறைக்கப்பட்டுள்ளது. முழு அமைப்பும் அகன்ற அடியுடைய முக்கோணமாகும்.

1985இல் வெளிவந்த 'கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்' தொடரின் 7ஆவது இதழ் அட்டையில், இறந்த சூப்பர்கேர்ளைத் தாங்கியபடி சூப்பர்மேன் கதறுகிறார். ஓவியர் ஜார்ஜ் பெரெஸ். 1982இல் ஜிம் ஸ்டார்லின் உருவாக்கிய 'த டெத் ஆஃப் கேப்டன் மார்வெல்' நூலின் அட்டையிலும் இதே அமைப்பு உண்டு. ஆனால் அங்கு நாயகனைத் தாங்குவது சாவின் எலும்புருவம். அந்நாயகன் போரில் மடியவில்லை, புற்றுநோயால் இறக்கிறான். தாயின் இடத்தில் சாவை வைத்ததன் மூலம், சாவு இங்கே எதிரியாக அன்றி ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒன்றாக மாறுகிறது. பழைய வடிவத்தை வாசகர் அறிந்திருந்தால்தான் இம்மாற்றம் முழுமையாகப் புரியும்.

மைக்கலாஞ்சலோ தம் பெயரைப் பொறித்த ஒரே படைப்பு இது. மரியாளின் மார்பின் குறுக்கே செல்லும் பட்டையில் அப்பெயர் உள்ளது. பார்வையாளர் சிலர் இதனை வேறொரு சிற்பியின் படைப்பு எனப் பேசக் கேட்டு, இரவோடு இரவாக அவர் அதைப் பொறித்தார் என்று வாழ்க்கை வரலாற்றாளர் வசாரி எழுதியுள்ளார்.

கோடு: சப்பானிய அச்சும் டின்டினும்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சப்பானிய மரக்கட்டை அச்சுகள் ஐரோப்பாவை அடைந்தன. தெளிவான வெளிக்கோடு, நிழலற்ற சீரான வண்ணப் பரப்பு, சட்டகத்தின் ஓரத்தில் வெட்டுப்பட்ட உருவங்கள் ஆகியவை அங்குள்ள ஓவியர்களுக்குப் புதுமையாக இருந்தன. வான்கோ 1887இல் ஹிரோஷிகேயின் அச்சுகளை எண்ணெய் வண்ணத்தில் நகலெடுத்துப் பயின்றார்.

பெல்சிய வரைகதையாளர் ஹெர்ஜேயின் டின்டின் படங்களிலும் இதே இயல்புகள் உள்ளன. எல்லாப் பொருள்களுக்கும் ஒரே சீரான கோடு, தட்டையான வண்ணம், குறைந்த நிழல் என்னும் இந்நடைக்கு 1977இல் டச்சு ஓவியர் யோஸ்ட் ஸ்வார்த்தே 'தெளிகோடு' என்ற பொருளில் பெயர் சூட்டினார். 1934இல் 'நீலத் தாமரை' கதைக்காகச் சீனாவைப் பற்றி அறிய முற்பட்ட ஹெர்ஜேக்கு, பிரசெல்சு கலைக்கழகத்தில் பயின்ற சாங் சோங்ரென் என்ற சீன மாணவரின் நட்பு கிடைத்தது. சீனத் தூரிகை முறையையும் சீன எழுத்துகளையும் அவர் வழியே ஹெர்ஜே அறிந்தார். ஆக, ஆசியக் கோட்டு மரபு ஐரோப்பிய ஓவியத்துக்கும் வரைகதைக்கும் வெவ்வேறு வழிகளில் வந்து சேர்ந்தது.

அசைவைக் காட்டுதல்

1912இல் இத்தாலிய ஓவியர் சாகோமோ பல்லா, சங்கிலியில் கட்டப்பட்ட சிறு நாய் நடப்பதை ஏராளமான கால்களுடன் வரைந்தார். அதே ஆண்டு மார்செல் டுஷாம்ப், படிக்கட்டில் இறங்கும் ஓர் உருவத்தின் அடுத்தடுத்த நிலைகளை ஒன்றன்மேல் ஒன்றாகத் தீட்டினார். ஒரே தகட்டில் தொடர் அசைவுகளைப் பதிவு செய்த எத்தியென்-சூல் மாரேயின் ஒளிப்படங்கள் இவற்றுக்குத் தூண்டுதலாக இருந்தன.

ஆயினும் கேலிச்சித்திரக்காரர்கள் இவ்வுத்தியை முன்பே அறிந்திருந்தனர். செர்மானியரான வில்லெல்ம் புஷ் 1865இல் வரைந்த இசைக்கலைஞர் படத்தொடரில், வேகமாகப் பியானோ வாசிப்பவருக்குப் பல கைகளும் பல தலைகளும் உள்ளன. ஓவியத்தில் புரட்சியாகப் பேசப்பட்ட ஒன்று, நகைச்சுவைப் படத்தில் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு முன்பே எளிதாகக் கையாளப்பட்டது. பின்னர் 1956இல் வெளிவந்த 'ஷோகேஸ்' 4ஆவது இதழின் அட்டையில், ஃபிளாஷ் என்னும் அதிவேக நாயகன் ஒரு திரைப்படச் சுருளின் கட்டங்களில் ஓடிவந்து அதைக் கிழித்துக்கொண்டு வெளியேறுகிறான்.

பகடி: ஆஸ்டெரிக்ஸ்

பிரெஞ்சு வரைகதையான ஆஸ்டெரிக்சில் புகழ்பெற்ற ஓவியங்கள் நகைச்சுவைக்காக மறுவரையப்பட்டுள்ளன. கதாசிரியர் கோசின்னி, ஓவியர் உதெர்சோ. 1967இல் நூலாக வந்த 'படைவீரன் ஆஸ்டெரிக்ஸ்' கதையில், கப்பலை இழந்த கடற்கொள்ளையர் தெப்பத்தில் குவிந்து கிடக்கும் கட்டம் செரிகோவின் 'மெடூசாவின் தெப்பம்' ஓவியத்தை அப்படியே நினைவூட்டுகிறது. 1816இல் மெடூசா கப்பல் தரைதட்டியபின் தெப்பத்தில் ஏறியவர்களுள் பெரும்பாலோர் மாண்ட பேரவலத்தை அவ்வோவியம் காட்டுகிறது. வரைகதையில் கப்பல் மூழ்குவது அக்கொள்ளையருக்கு வழக்கமாக நேரும் தொல்லை மட்டுமே. பெருந்துயரின் வடிவத்தைச் சிறு தொல்லைக்கு அணிவித்ததே நகைச்சுவைக்குக் காரணம்.

1972இல் வெளிவந்த குறிசொல்பவனைப் பற்றிய கதையில் ரெம்பிரான்ட்டின் 1632ஆம் ஆண்டு உடற்கூறு வகுப்பு ஓவியமும், 1979இல் வெளிவந்த பெல்சியக் கதையின் விருந்துக் காட்சியில் புரூகலின் 'குடியானவர் திருமணம்' ஓவியமும் எடுத்தாளப்பட்டுள்ளன. மூலத்தை அறியாத சிறுவர்க்கும் கதை புரியும். அறிந்தவர்க்கு இரண்டாவது சிரிப்பும் உண்டு.

எதிர்த்திசை: லிக்டென்ஸ்டைன்

அமெரிக்க ஓவியர் ராய் லிக்டென்ஸ்டைன் 1961 முதல் வரைகதைக் கட்டங்களைப் பெரிய ஓவியங்களாகத் தீட்டினார். மலிவு அச்சில் நிறச்சாயலை உண்டாக்கப் பயன்பட்ட பென்-டே புள்ளிகளைக் கையால் பெரிதாக வரைந்தது இவருடைய அடையாளமாயிற்று.

1963இல் தீட்டிய 'மூழ்கும் பெண்' இன்று நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் மூலம், 1962இல் வெளிவந்த 'சீக்ரெட் ஹார்ட்ஸ்' 83ஆவது இதழில் டோனி அப்ரூசோ வரைந்த ஒரு கட்டம். மூலத்தில் பெண்ணின் பின்னால், கவிழ்ந்த படகைப் பற்றியபடி காதலன் இருக்கிறான். லிக்டென்ஸ்டைன் அவனையும் படகையும் நீக்கினார். பெண்ணுக்குத் தசைப்பிடிப்பு ஏற்பட்டதைச் சொல்லும் பகுதியை வெட்டினார். காதலனின் பெயரை மாற்றினார். இதனால் ஒரு கதையின் நடுவே வந்த கட்டம், முன்னும் பின்னும் இல்லாத தனித்த துயரமாக மாறியது. சுற்றியுள்ள நீரை ஹொக்குசாயின் அலையாகவும் காணலாம் என லிக்டென்ஸ்டைன் குறிப்பிட்டுள்ளார். சப்பானிய அச்சின் அலை, அமெரிக்கக் காதல் வரைகதையின் வழியே மீண்டும் ஓவியச் சுவரை அடைந்தது எனலாம்.

அதே ஆண்டில் தீட்டிய 'வாம்!' ஓவியம், 1962இல் வெளிவந்த 'ஆல்-அமெரிக்கன் மென் ஆஃப் வார்' 89ஆவது இதழில் இர்வ் நோவிக் வரைந்த கட்டத்தை முதன்மையாகக் கொண்டது. சுமார் 4 மீட்டர் அகலமுள்ள இவ்வோவியத்தில் தாக்கும் விமானம் ஒரு பலகையிலும் வெடிக்கும் விமானம் மற்றொன்றிலும் உள்ளன. லண்டன் டேட் கூடம் 1966இல் இதனை வாங்கியது.

பெயர் இல்லாத ஓவியர்கள்

'மூழ்கும் பெண்' கட்டம் வெளிவந்த இதழின் விலை 12 சென்ட். லிக்டென்ஸ்டைனின் 'செவிலி' ஓவியம் 2015இல் 9.5 கோடி டாலருக்கு மேல் ஏலம் போனது. இவ்விலை வேறுபாட்டைக் கொண்டு மட்டும் ஒருவரைக் குற்றம் சாட்ட இயலாது. லிக்டென்ஸ்டைன் செய்த நீக்கங்களும் அளவு மாற்றமும் ஓவியத்துக்குப் புதிய பொருளைத் தந்தன என்பது அவருடைய ஆதரவாளர்களின் வாதம். அந்த உடல்நிலை, அந்தக் கோணம், அந்த அலை ஆகியவற்றைத் தேர்ந்தவர் அப்ரூசோ என்பது வரைகதையாளர்களின் வாதம். இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்கக்கூடும்.

சிக்கல் வெளியீட்டு முறையிலும் இருந்தது. அக்காலத்தில் அமெரிக்க வரைகதை ஓவியர்களுக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்ற கூலி தரப்பட்டது. பதிப்புரிமை வெளியீட்டாளருடையது; காதல், போர்க் கதைகளில் ஓவியரின் பெயர் பெரும்பாலும் அச்சிடப்படவில்லை. மூலப்படங்களை ஓவியர்களிடம் திருப்பித் தரும் வழக்கம் பெரிய நிறுவனங்களில் 1970களில்தான் தொடங்கியது. சூப்பர்மேனை உருவாக்கிய ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் 1938இல் 130 டாலருக்கு உரிமையை விற்றிருந்தனர். நீண்ட போராட்டத்துக்குப்பின் 1975இல்தான் ஓய்வூதியமும் பெயர்க்குறிப்பும் பெற்றனர். லிக்டென்ஸ்டைன் பயன்படுத்திய போர்க்காட்சிகள் சிலவற்றை வரைந்த ரஸ் ஹீத், முதுமையில் இதைப் பற்றியே ஒரு பக்க வரைகதை வரைந்தார். நலிந்த வரைகதையாளர்களுக்கு உதவும் அறக்கட்டளை தமக்குத் துணைநின்றதை அதில் நன்றியுடன் காட்டினார்.

தமிழ் வாசகர்கள் அறிந்த ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. சிவகாசியிலிருந்து 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸ் வழியே புகழ்பெற்ற இரும்புக்கை மாயாவி, பிரித்தானிய 'வேலியன்ட்' வார இதழில் 1962இல் தொடங்கிய தொடராகும். அதன் ஒளியும் இருளும் மோதும் படங்களை வரைந்தவர் எசுப்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. அக்காலப் பிரித்தானிய வார இதழ்கள் ஓவியர் பெயரை அச்சிடுவது அரிது. எனவே மாயாவியை அறிந்த பலரும் பிளாஸ்கோவை அறிய வாய்ப்பின்றிப் போயிற்று.

இந்தியாவில் 1967இல் அனந்த் பை தொடங்கிய அமர் சித்திரக் கதை நூல்களில் ராஜா ரவி வர்மாவின் தாக்கம் தெளிவானது. தெய்வங்களின் முகம், நகை, சேலை மடிப்பு, அரண்மனைத் தூண்கள் ஆகியவை அவருடைய ஓவியங்களை ஒத்துள்ளன. 1894இல் ரவி வர்மா நிறுவிய அச்சகத்தின் படங்கள் ஏற்கெனவே வீடுகளில் தொங்கியதால், வாசகர்கள் அப்பாத்திரங்களைக் கண்டவுடன் அடையாளம் கண்டனர்.

ஒப்புமையின் எல்லைகள்

வரைகதையாளர் ஸ்காட் மக்லவுட் 1993இல் எழுதிய 'அண்டர்ஸ்டாண்டிங் காமிக்ஸ்' நூலில், திட்டமிட்ட வரிசையில் அடுத்தடுத்து வைக்கப்பட்ட படங்களே வரைகதை என்று வரையறுத்துப் பாயோ திரைச்சீலையையும் அதில் சேர்த்தார். கலை வரலாற்றாளர் டேவிட் குன்சல் அதற்கு முன்பே, அச்சிட்டுப் பரப்பப்படுவது வரைகதையின் அடிப்படை என வலியுறுத்தியிருந்தார். குன்சலின் நோக்கில் பாயோ திரைச்சீலை வரைகதை ஆகாது. வரைகதைக்கு மதிப்புத் தேடுவதற்காகப் பழம்பெரும் படைப்புகளை அதன் முன்னோராகக் காட்டுவது இரண்டையும் தவறாகப் புரிந்துகொள்ளச் செய்யும் என்ற கருத்தும் உண்டு.

நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் 1990இல் உயர்கலையையும் வெகுசனக் கலையையும் ஒப்பிட்டுக் கண்காட்சி நடத்தியபோது, ஆர்ட் ஸ்பீகல்மன் அதனைக் கண்டித்து ஒரு வரைகதை விமர்சனம் வெளியிட்டார். 2005 முதல் பாரிசின் லூவர் அருங்காட்சியகம் வரைகதையாளர்களை அழைத்துத் தன் சேகரிப்பை மையமாகக் கொண்ட நூல்களை வெளியிட்டு வருகிறது. இவற்றுள் முதலாவதான நிக்கோலா தெ கிரேசியின் 'பனிக்காலம்' நூலில், எதிர்காலத்தில் பனியில் புதைந்த லூவரைக் கண்டெடுப்போர், அங்குள்ள ஓவியங்களைக் கொண்டு மறைந்துபோன நாகரிகத்தின் கதையைத் தவறாக ஊகிக்கின்றனர். அந்நூலின் அட்டையில் வரைந்தவரின் பெயர் அச்சிடப்பட்டுள்ளது.